நடுவிலிருந்து இருபது கல்

டைல்ஸ் கடையில் அவளுக்கு ‘மறுபடி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஒரு பெட்டியில் எத்தனை கல் என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்திருக்கும். அவளோ பெட்டியைத் திறந்து எண்ணுவாள். எண்ணி முடித்து, வாங்க வந்தவர் அப்பாடா என்று மூச்சுவிடும் நேரம் பார்த்து, "எதுக்கும் மறுபடி ஒரு தடவை பார்த்துடறேன்" என்பாள். வந்தவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

அறையின் நீள அகலத்தைச் சொன்னால், கட்டம் போட்ட தாளில் அந்தத் தரையை வரைந்து, எத்தனை கல் வேண்டும், எதை எங்கே வெட்ட வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. அறையின் நடுவைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சிலுவைக் கோடு போட்டு, வலது, இடது, மேல், கீழ் என்று நாலு பக்கமும் எண்ணிக்கொண்டு போக வேண்டும். கல் பதிக்கும் தொழிலில் இருந்த அவள் அண்ணன் இதையே வேறு மாதிரி சொல்வான்: "வலது மூணாவது கல்லும் இடது மூணாவது கல்லும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்கும். ஆனா ஒருத்தன் செருப்பு இன்னொருத்தனுக்குச் சேராது." இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

வாரத்தில் மூன்று நாள் கடை முடிந்ததும் அவள் மாலை வகுப்புக்குப் போனாள். பகலில் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். மாலையில் பெரியவர்களுக்குக் கணக்கு. முழங்கால் இடிக்கும் பெஞ்சுகளில் அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். பகலெல்லாம் அடுத்தவர் மிதிக்கப்போகும் தரைகளை எண்ணியவளுக்கு, யாரும் மிதிக்காத எண்கள் அங்கேதான் கிடைத்தன. ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. அந்த வகுப்பில் பரீட்சை கிடையாது. பதிலாக, பருவ முடிவில் ஒவ்வொருவரும் கரும்பலகைக்கு முன்னால் நின்று, தான் போட்ட கணக்கைச் சொல்லி, மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் அவள் போய் எழுதினாள், எழுதியதைத் தானே அழித்தாள், வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பருவத்தில் "எனக்கே சந்தேகமா இருக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பெடுக்கும் மிஸ் கோபக்காரி அல்ல. தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "மூணாவது தடவையும் உட்கார்ந்துட்டா உன் இடத்தை வெளியே காத்திருக்கறவங்களுக்குக் கொடுக்கணும்மா. விதி நான் போட்டதில்ல. ஆனா நான்தான் நிறைவேத்தணும்."

அந்தப் பருவத்துக்கான கேள்வியை மிஸ் ஒரே வரியில் எழுதிப்போட்டாள். ஒன்று முதல் நானூறு வரை ஒவ்வொரு எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எத்தனை விதமாக எழுதலாம்? சராசரியாக ஓர் எண்ணுக்கு எத்தனை?

"இருபத்தஞ்சைப் பாருங்க. ஒன்பதும் பதினாறும் சேர்ந்தா இருபத்தஞ்சு. மூணும் மூணும் ஒன்பது, நாலும் நாலும் பதினாறு. ரெண்டுமே வர்க்கம். அப்புறம் அஞ்சஞ்சு இருபத்தஞ்சோட சுழியைச் சேர்த்தாலும் ஆச்சு. மூணை எடுத்துக்கங்க. தலைகீழா நின்னாலும் வராது. எப்படி எண்ணுறதுங்கறதை உங்க கிட்டயே விட்டுடறேன்."

விட்டதுதான் வினை. அவள் வீட்டுக்குப் போய், கை பழகிய வழியிலேயே, கட்டத் தாளின் நடுவில் சிலுவை போட்டாள். ஐந்து என்றால் ஒன்றும் நாலும். அதாவது ஒரு கட்டமும் இரண்டு கட்டமும். வலது ஒன்று, மேலே இரண்டு. வலது ஒன்று, கீழே இரண்டு. இடது ஒன்று, மேலே இரண்டு. ரெட்டைப் பிள்ளைகளானாலும் செருப்பு வேறுதானே? இடதும் கீழும் கழித்தல் எண்கள். கழித்தல் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் கூட்டல் எண்தான் வருகிறது. கணக்கு அதற்குத் தடை சொல்லவில்லை. அப்படியே திருப்பிப்போட்டு எண்ணியதில் ஐந்துக்கு எட்டு வந்தது. இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு.

எண்ண எண்ண அவளுக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. எண்கள் வரிசையாக, ஒழுங்காக, ஒன்று ஒன்றாகக் கூடித்தான் வருகின்றன. ஆனால் இந்தப் பங்கீட்டில் ஒழுங்கு என்பது மருந்துக்கும் இல்லை. முதல் நூறிலேயே பாதிக்கு மேற்பட்ட எண்களுக்கு ஒரு வழியும் கிடையாது. 325க்கு இருபத்துநான்கு வழிகள். கல்யாண வீடு மாதிரி கூட்டம். அடுத்த வீட்டு 326க்கும் அதற்கடுத்த 327க்கும் ஈ காக்கை இல்லை. வானம் பார்த்து விதைத்த மாதிரி எங்கோ கொட்டுகிறது, எங்கோ காய்கிறது.

எல்லாவற்றையும் கூட்டினாள். 1256. நானூறால் வகுத்தாள். 3.14.

பேனாவைக் கீழே வைத்தாள். மீதி இல்லாமல், நறுக்கென்று 3.14. அது அவளுக்குத் தெரிந்த எண்தான். கடையில் வட்டத் தூண், வட்டத் தொட்டி என்று யார் வந்தாலும் அவள் பெருக்குகிற எண். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. ஆனால் இங்கே வட்டம் ஏது? வெறும் எண்கள், அதுவும் ஏறுக்கு மாறாக. அடுத்த வீட்டுப் பூனை தன் சமையலறையில் படுத்திருப்பதைப் பார்த்தவள்போல அவள் அதையே பார்த்தாள். பகலெல்லாம் எழுதிய கை, மாலையிலும் பழக்க தோஷத்தில் அதையே எழுதிவிட்டதா?

மறுபடி எண்ணினாள். 1256.

"என்ன நாத்தனாரே, தாளை முறைச்சுப் பார்த்தா அது பயந்து விடை சொல்லிடுமா?" என்றாள் அண்ணி, தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே.

"விடை வந்துடுச்சு அண்ணி. அதான் பயமா இருக்கு."

"விடை வரலைன்னா அழறவங்களைப் பார்த்திருக்கேன். வந்ததுக்கு அழறது இந்த வீட்டுலதான்."

அடுத்த வகுப்புக்கு முன்னால் தாழ்வாரத்தில் மருந்துக்கடைக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். வகுப்பிலேயே மூத்தவர், எதையும் மில்லிகிராமில் பேசுகிறவர். "தங்கச்சி, உனக்கு எத்தனை வந்துச்சு? எங்க எல்லாருக்கும் நூத்தி எழுபத்தி நாலு. சராசரி 0.435."

அவள் சொன்னாள். அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளையே ஒரு மருந்துச் சீட்டுபோலப் பார்த்தார்.

"ஆயிரத்தி இருநூறா? மூணையும் நாலையும் ஒரு தடவை எழுதினா போதாதாம்மா? நாலையும் மூணையும்னு திருப்பி எழுதி, அதுல கழித்தலைப் போட்டு... ஒரே மாத்திரையை எட்டுப் பொட்டலமா கட்டி வித்தா என்னை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"தப்புங்கறீங்களா சார்?"

"தப்புன்னு நான் யாரு சொல்ல? ஆனா பதினோரு பேருக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. ஊரோட ஒத்துப் போயேன். இந்தத் தடவையும் நீ உட்கார்ந்துட்டா எங்களுக்கும் கஷ்டமா இருக்கும்."

நல்ல மனதோடு சொன்னதுதான். அன்று இரவே அவள் இன்னொரு தாளில் 174 வரும்படி எண்ணிப் பார்த்தாள். வந்தது. இரண்டு தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வகுப்பில் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். பாதுகாப்பான தாள் மேலே, பைத்தியக்காரத் தாள் கீழே.

வகுப்பு நாளன்று மதியம் கடையிலிருந்து ஒரு மாதிரிக் கல்லை எடுத்துக்கொண்டு அண்ணன் வேலை செய்யும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. புதிதாகக் கட்டிய கட்டடத்தின் வரவேற்புக் கூடம். உள்ளங்கை அகலச் சதுரக் கற்கள், வெளிர் சாம்பல் நிறம், இன்னும் ஒட்டாமல் தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். அண்ணன் மூலைமட்டம் சரியா என்று கயிற்றால் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோட்டில் மூன்று, மறு கோட்டில் நாலு, குறுக்கே சரியாக ஐந்து வந்தால் மூலை செங்கோணம். காலங்காலமாக எல்லாக் கொத்தனாரும் பார்ப்பது.

பார்த்து முடித்து, நடுவில் இரண்டு கோடுகள் வெட்டும் கல் மூலையில் ஓர் ஆணியை வைத்து, அதில் கயிற்றைக் கட்டினான். மறு முனையில் சுண்ணக்கட்டி.

"நடுவுல கறுப்பு வட்டம் வேணுமாம் அவங்களுக்கு. ஆரம் இருபது கல். கறுப்பு எத்தனை ஆகும், சொல்லு."

இதற்கு அவளுக்குத் தாளே வேண்டாம். இருபதும் இருபதும் நானூறு. அதை 3.14ஆல் பெருக்கு. "ஆயிரத்து இருநூத்தி ஐம்பத்தாறு," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை. கையில் இருந்த மாதிரிக் கல் நழுவித் தரையில் மோதி, ஒரு முனை உடைந்தது.

"ஏய், பார்த்து! ஆயிரத்து இருநூத்தி ஐம்பத்தேழுன்னு எழுதிக்க. உடைச்சதையும் சேர்த்து."

அவள் காதில் விழவில்லை. அண்ணன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டபடியே சுற்றி வந்துகொண்டிருந்தான். சுண்ணக்கோடு கற்களின் குறுக்கே வளைந்து வளைந்து போயிற்று. அவள் ஆணியைப் பார்த்தாள். அங்கிருந்து வலது மூன்று கல், மேலே நாலு கல் எண்ணி, அங்கே இருந்த கல் மூலையைப் பார்த்தாள். ஆணியிலிருந்து அந்த மூலை எவ்வளவு தூரம்? ஐந்து. இப்போதுதானே அண்ணன் கயிறு பிடித்துப் பார்த்தான். மூன்றின் வர்க்கமும் நாலின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம், இருபத்தைந்து. இடது மூன்று, கீழே நாலு: அந்த மூலையும் அதே ஐந்து தொலைவு, ஆனால் வேறு மூலை.

அப்படியானால் இரண்டு வர்க்கங்களின் கூட்டு என்பது வேறொன்றுமில்லை. நடுவிலிருந்து ஒரு மூலைக்கு உள்ள தொலைவின் வர்க்கம். நானூறு வரை உள்ள எண்களை எல்லாம் எண்ணினேன் என்றால், நடுவிலிருந்து இருபது கல் தொலைவுக்குள் இருக்கும் மூலைகளை எல்லாம் எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூட விடாமல், ஒன்றைக்கூட இரண்டு முறை தொடாமல். மூலைக்கு ஒரு கல். மூலைகளின் எண்ணிக்கை கற்களின் எண்ணிக்கை. கற்களின் எண்ணிக்கை வட்டத்தின் பரப்பு. அதை ஆரத்தின் வர்க்கமான நானூறால் வகுத்தால் 3.14 வராமல் வேறு என்ன வரும்?

மூன்று வாரமாகத் தாளில் அவள் எண்ணிக்கொண்டிருந்தது இந்த வட்டத்தைத்தான். அவளுக்குத் தெரியாமல் அது அங்கே இருந்திருக்கிறது. யாருமில்லாத 326, கூட்டம் நிறைந்த 325, எதுவும் வட்டத்தை அறியாது, ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எல்லாமாகச் சேர்ந்து அதைத்தான் வரைந்திருக்கின்றன. அந்தக் கூடம் கோவில்போல இருந்தது என்று சொல்ல முடியாது. சிமெண்ட் தூசியும் இரைச்சலுமாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டுக்குள் செருப்புக் காலோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கால்ல கல்லு குத்தும், போடு," என்றான் அண்ணன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "என்னடி, அழறியா? ஒரு கல்லுதானே. நான் சொல்லிக்கறேன் விடு."

மாலை வகுப்பில் மருந்துக்கடைக்காரர் முதலில் போனார். 174, 0.435. தெளிவாகச் சொன்னார். மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினாள். மற்றவர்களும் போய் வந்தார்கள். கடைசியில் அவள்.

பைக்குள் கைவிட்டாள். பாதுகாப்பான தாள்தான் முதலில் கையில் பட்டது. அதை உள்ளேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு பலகைக்குப் போனாள். கை மட்டும் தன் வேலையை அறிந்திருந்தது. பலகையின் நடுவைக் கண்ணால் அளந்து ஒரு சிலுவைக் கோடு போட்டது. அதைச் சுற்றிக் கட்டங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம். கோடு போட்டு முடிப்பதற்குள் குரலும் வந்து சேர்ந்தது.

"எனக்கு 1256 வந்துச்சு. முதல்ல தப்புன்னு நினைச்சேன்," என்று தொடங்கி, ஆணி, கயிறு, மூலை, கல் என்று மதியம் பார்த்ததை அப்படியே சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம் தங்கச்சி. நான் ஒண்ணா எண்ணினதை நீ எட்டா எண்ணியிருக்கே. அது சரி. ஆனா என்னோட 174ஐ எட்டால பெருக்கினா 1392 வருது. உனக்கு 1256. நடுவுல நூத்துச் சொச்சம் எங்க போச்சு?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. உடம்பு பெஞ்சைப் பார்த்துத் திரும்பிவிட்டது. உட்கார்ந்துவிடலாம். ‘எனக்கே சந்தேகமா இருக்கு.’ அந்த வாக்கியம் உதட்டுக்கு வந்து நின்றது.

"சந்தேகமா இருக்கு," என்றாள். "ஒரு நிமிஷம், மறுபடி எண்ணிடறேன்."

யாரோ சிரித்தார்கள், கேலியில்லாத சிரிப்பு. அவள் பலகைக்குத் திரும்பினாள். வலது ஒன்று மேலே இரண்டு: எட்டு. சரி. வலது ஐந்து, மேலே ஒன்றுமில்லை: வலது, இடது, மேல், கீழ். நாலு. நாலுதான். ஏனென்றால் அது சிலுவைக் கோட்டின் மேலேயே இருக்கிறது. திருப்பினால் தன்மேலேயே விழுகிறது. வலது இரண்டு மேலே இரண்டு: அதுவும் நாலு, மூலைக்கு மூலை போகும் குறுக்குக் கோட்டின் மேல் இருப்பதால்.

"கோட்டு மேல இருக்கறது எட்டா பிரியாது சார். நாலாத்தான் பிரியும்." சுண்ணக்கட்டி வேகமாக ஓடியது. "சிலுவை மேல இருபது. குறுக்கே பதினாலு. முப்பத்தி நாலை நாலால பெருக்கினா 136. உங்க 174ல அந்த முப்பத்தி நாலு போக மீதி 140. அதை எட்டால பெருக்கினா 1120. ரெண்டையும் கூட்டினா..."

கூட்டுவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஆயிரத்து இருநூத்தி ஐம்பத்தாறு," என்றார். "அப்போ என்னோடதும் சரி, உன்னோடதும் சரி. நான் வட்டத்துல ஒரு துண்டைத்தான் எண்ணியிருக்கேன். இத்தனை நாள் அது வட்டம்னே தெரியாம."

மிஸ் மெல்ல நடந்து முன்னால் வந்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு இருக்கு மிஸ்." இதைச் சொல்லாமல் விடத்தான் நினைத்திருந்தாள். "சாயங்காலம் கடையிலயே ஆரம் முப்பதுக்கு வட்டம் போட்டு, 900 வரைக்கும் மூலைகளை வரிசை வரிசையா எண்ணிப் பார்த்தேன். 2820 வந்துச்சு. சராசரி 3.133. தூரம் போகப் போக நெருங்கும்னு நினைச்சேன். விலகிடுச்சு. எங்கயோ விட்டிருக்கேன் போல."

"நீ எதையும் விடலை." மிஸ்ஸின் குரல் தணிந்திருந்தது. "வட்டத்தோட ஓரத்தைப் பாரு. சில கல் வெளியே நீட்டிட்டு இருக்கும், சில இடம் காலியா இருக்கும். அதனால சராசரி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், ஆடிட்டே போகும். ஆனா கடைசியில, 3.14னு தொடங்கற ‘பை’ங்கற அந்த எண்ணைத் தவிர வேற எங்கயும் போகாது. அந்த ஆட்டத்தையெல்லாம் சேர்த்துவெச்சுப் பார்த்தா அதுக்கும்கூட ஒரு நிலையான வடிவம் இருக்குன்னு நிரூபிச்சிருக்காங்க. ஆனா அதிகபட்சம் எவ்வளவு ஆடும், அந்த எல்லை எதுன்னு கேட்டா, இன்னிக்கு வரைக்கும் உலகத்துல யாருக்கும் முழுசா தெரியாது."

"யாருக்குமேவா?"

"யாருக்குமே. இன்னொண்ணும் கேட்டுக்கோ. தூரம் போகப் போக யாருமில்லாத எண்கள் அதிகமாயிட்டே போகும். கடைசியில, கண்ணை மூடிட்டு ஒரு எண்ணைத் தொட்டா அது காலியாத்தான் இருக்கும்னு சொல்லிடலாம், அந்த அளவுக்கு. ஆனா சராசரி குறையாது. மிச்சம் இருக்கற கொஞ்சப் பேர் கிட்ட கூட்டம் அவ்வளவு பெருகும்."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் மேசைக்குப் போய் அடுத்த பருவத்துக்கான பெயர்களில் அவள் பெயரை எழுதினாள். பெற்றவர்கள் வைத்த பெயரை.

வெளியே போகும் வழியில் பள்ளியின் முன்கூடம். அகலமான தரை, ஓரடிச் சதுரக் கற்கள். யாரோ சுவரிலிருந்து தொடங்கிப் பதித்திருந்தார்கள். வாசல் பக்கம் கோணிக்கொண்டு போவது அவள் கண்ணில் எப்போதும் உறுத்தும். மருந்துக்கடைக்காரர் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இங்க வந்து நில்லு. நீதான் ஆணி. இருபத்தஞ்சுக்கு எத்தனைன்னு சொன்னே?"

"பன்னிரண்டு."

"நாங்க பதினோரு பேர். மிஸ், நீங்களும் வந்தீங்கன்னா சரியா இருக்கும்."

அவள் ஒரு கல் மூலையில் நின்று சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எண்ணி நடந்தார்கள். வலது மூன்று, மேலே நாலு. இடது நாலு, கீழே மூன்று. "என் மூலையில வேற யாரோ நிக்கறாங்க." "அது உங்க மூலை இல்ல சார், நீங்க இடது." ஐந்து நேர் வலது, ஐந்து நேர் இடது. மிஸ் சாவிக்கொத்தோடு நேர் மேலே ஐந்தாவது மூலையில் போய் நின்றாள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த பன்னிரண்டு பெரியவர்கள், கால் விரல்களை மூலையில் சரியாக வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் நின்றது.

"இருபத்தாறு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எட்டு. வலது அஞ்சு மேல ஒண்ணு, அந்த மாதிரி. நாலு பேர் ஓரமா போகணும்."

நாலு பேர் சுவரோரம் போனார்கள். மற்றவர்கள் இடம் மாறி நின்றார்கள்.

"இருபத்தேழு?"

அவள் ஒரு முறை யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள்.

"யாருமில்ல."

எல்லோரும் சத்தமில்லாமல் விலகிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் தரை வெறுமையாக நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. நடுவில் அவள் மட்டும், இருபத்தெட்டும் காலி என்று தெரிந்தும், எட்டுப் பேருக்கு இடமுள்ள இருபத்தொன்பதுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.